இரவல் போன விமானம்

வாருங்கள் சார். கோர்ட்டிலிருந்து மதிப்புப் போட வருகிறவர் நீங்கள்தானே? காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குனிந்து வாருங்கள், இறக்கை நெற்றியில் இடிக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு தடவை இடிக்கும். பழகினவர்களுக்கும் இடிக்கும். இதோ, என் புருவத்துக்கு மேலே தழும்பு.

என் பெயர் அமலோற்பவம். அவ்வளவு நீளமாக யாரும் கூப்பிடுவதில்லை. அமலு அக்கா என்றால் இந்த விமானக் கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும். எஞ்சினியர் சார். பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கின எஞ்சினியர். ஆனால் இந்த ஒரு வகை விமானத்துக்கு மட்டும்தான். மற்ற விமானங்களைத் துடைக்கலாம், திருகலாம். 'சரியாக இருக்கிறது, பறக்கட்டும்' என்று கையெழுத்துப் போட முடியாது. எங்கள் கம்பெனியில் இந்த வகை இது ஒன்றுதான். ஆகையால் நானும் இதற்கு ஒருத்திதான்.

தூசியைப் பார்க்காதீர்கள். நேற்றுத்தான் துடைத்தேன். பக்கத்தில் ஓடுபாதை இருக்கிறது, துடைக்கத் துடைக்க வரும். சக்கரத்தைப் பாருங்கள். தட்டையாக இருக்கிறதா? இருக்காது. வாரத்துக்கு ஒரு தடவை நாலு பேரைக் கெஞ்சிக் கூப்பிட்டு, ஒரு முழம் முன்னால் தள்ளுவேன். ஒரே இடத்தில் நின்றால் ரப்பர் அப்படியே உட்கார்ந்துவிடும். அப்புறம் ஓடும்போது குதிக்கும். காற்றின் வேகத்தை அளக்க மூக்கில் சின்னக் குழாய்கள் இருக்கின்றன அல்லவா, அதில் குளவி மண்வீடு கட்டும். உறை போட்டாலும் கட்டும். தினமும் பார்க்க வேண்டும். எரிபொருள் தொட்டியில் தண்ணீர் இறங்கும், தண்ணீர் இறங்கினால் பூஞ்சை வரும். உள்ளே தோல் இருக்கைகளில் மழைக்காலத்தில் பச்சையாகப் பூத்துவிடும். வெள்ளைத் துணியும் வினிகரும் வைத்துத் துடைப்பேன்.

பறக்கிற விமானத்துக்குப் பராமரிப்பு சுலபம் சார். பறப்பதே அதற்குப் பாதி மருந்து. நிற்கிற விமானத்துக்குத்தான் ஆள் வேண்டும். இது நிற்கிற விமானம். செத்த விமானம் இல்லை. நிற்பது வேறு, சாவது வேறு.

அந்தச் சிவப்பு உறையா? எஞ்சினுக்குப் போட்டது. அதை அப்புறம் கழற்றலாம். முதலில் நான் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அறிக்கையில் கடைசியில் இரண்டில் ஒன்றுதான் எழுதுவீர்கள் என்று எங்கள் மேனேஜர் சொன்னார். பறக்கக்கூடியது என்று எழுதினால் ஏலத்தில் யாராவது பறக்கிறவர்கள் எடுப்பார்கள். பழைய இரும்பு என்று எழுதினால் வெட்டுகிறவர்கள் எடுப்பார்கள். இதில் இரும்பே கொஞ்சம்தான் சார், எல்லாம் அலுமினியம். அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். வெட்டிவிட்டால் எனக்கு வேலை இல்லை, அது ஒரு பக்கம். உயிருள்ள விமானத்தில் வேலை செய்யாத எஞ்சினியருக்கு லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டார்கள். அப்புறம் நான் வெறும் அமலு அக்கா. அதற்காக நான் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். இதற்காகத்தான் பேசுகிறேன்.

முதலாளியைத் தெரியுமா? கரும்பு முதலாளி. மூன்று சர்க்கரை ஆலை. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு டெல்லிக்குப் போய், கையெழுத்துப் போட்டுவிட்டு, ராத்திரி ரசத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். எட்டு இருக்கை. அதில் இரண்டு இருக்கையில்தான் ஆள் இருக்கும். முதலாளியம்மாவும் சில நாள் கூட வருவார்கள். அந்த நாட்களில்தான் ஒரு விளக்குப் பிரச்சினை வந்தது. அதைச் சொல்கிறேன், கேளுங்கள். அதைக் கேட்டால் இந்த விமானம் எப்படிப் பார்த்துக்கொள்ளப்பட்ட விமானம் என்று உங்களுக்கே தெரியும்.

மேலே நல்ல உயரத்தில் போகும்போது, கதவு பூட்டவில்லை என்று ஒரு சிவப்பு விளக்கு எரியும். கதவு பூட்டித்தான் இருக்கும். ஆனால் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் கேப்டன் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். அம்மா சேலையை வாயில் கவ்விக்கொண்டு ஜெபிப்பார்களாம், அதாவது அவர்கள் சாமியை. கீழே வந்ததும் நாங்கள் பார்ப்போம். விளக்கு எரியாது. கதவைத் திறப்போம், எரியும், மூடுவோம், அணையும். ஒழுங்காக வேலை செய்யும், நல்ல பிள்ளை மாதிரி. பல்பை மாற்றினோம். ஒயரை மாற்றினோம். அதற்கு மேலே இருக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் 'தரையில் சோதித்தோம், கோளாறு இல்லை' என்று எழுதுவோம். எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள், பொய் இல்லை அது. தரையில் கோளாறு இல்லைதானே?

கேப்டன் வரதன் என்று ஒருவர். வாய் கொஞ்சம் அதிகம். நாங்கள் எழுதி வைக்கிற கோளாறுப் புத்தகத்தைத் தூக்கி மேசையில் போட்டார்.

"ஏம்மா, தரையில கோளாறு இல்லைன்னு எழுதியிருக்கியே, நான் தரையிலயா ஓட்டறேன்? தரையில ஓட்டறதுக்குப் பேரு லாரி."

"மேல என்ன ஆகுதுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? நீங்க என்னை ஒருநாளும் கூட்டிட்டுப் போனதில்லையே."

"கூட்டிட்டுப் போனா வெளிய எறங்கிப் பாப்பியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் எனக்கு அந்த 'வெளியே' என்ற வார்த்தை ஒட்டிக்கொண்டது சார். வெளியே என்ன இருக்கிறது? குளிர். மூச்சு விட்டால் உறைந்துபோகிற குளிர். இங்கே மீனம்பாக்கத்தில் சட்டை முதுகில் ஒட்டுகிற வெயிலில் நின்றுகொண்டு, நாங்கள் கோளாறு இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தோம். வெயிலில் வராத கோளாறு குளிரில் வரும் இல்லையா?

பாகங்களைக் குளிர வைத்துப் பார்க்க ஒரு ஸ்ப்ரே உண்டு. அது ஸ்டோரில் தீர்ந்துபோயிருந்தது. எழுதிப் போட்டால் எப்போது வரும் என்று தெரியாது. நான் நேரே பல்லாவரம் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் வேண்டாம், ஐஸ் மட்டும் கொடுங்கள் என்றேன். அந்த மீன்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தது. "பொணம் எதாச்சும் வெச்சிருக்கியாம்மா?" என்று கேட்டது. ஐஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்து, கதவின் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, சுண்டுவிரல் நகம் அளவு, அதன்மேல் வைத்துக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கை மரத்துப்போய்விட்டது. அப்போது எரிந்தது சார் அந்தச் சிவப்பு விளக்கு. கதவு பூட்டியிருக்கிறது, விளக்கு எரிகிறது. நான் கத்தினேன். கோளாறு வந்துவிட்டது, கோளாறு வந்துவிட்டது என்று கத்தினேன். இந்த உலகத்தில் கோளாறு வந்ததற்காகக் கத்திச் சந்தோஷப்படுகிறவர்கள் நாங்கள் மட்டும்தான் இருப்போம். சுவிட்சுக்குள் ஈரம். மேலே போனதும் உறைந்துவிடும், கீழே வந்தால் உருகிவிடும். அவ்வளவுதான்.

அடுத்த பயணத்தில் அம்மா ஏறினதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்களாம். "உள்ள யாரோ வஞ்சிரம் வறுத்திருக்காங்க, எனக்குத் தெரியும்." அப்புறம் ஒரு வாரம் காப்பித்தூளைக் கிண்ணத்தில் வைத்து நாற்றத்தை எடுத்தேன்.

முதலாளி ஒருநாள் இதே இடத்தில் நின்று யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். கோதண்டம்தான் பதில் சொன்னான். மேனேஜர் என்று சொன்னேனே, அவன்தான். எனக்குப் பின்னால் சேர்ந்தவன், இப்போது எனக்கு மேலே. "நாங்க எல்லாரும் சேந்துதான் சார்" என்றான். அதுவும் உண்மைதானே, ஏணியை அவர்கள்தான் பிடித்தார்கள். ஆனால் முதலாளி என்னைத்தான் பார்த்தார். நேரே என் கண்ணைப் பார்த்து, "நல்லா இருக்கும்மா" என்றார். அப்போது நான் கொடுத்த காப்பி அவர் கையில் இருந்தது. காப்பியைத்தான் சொன்னார் என்று கோதண்டம் இன்றுவரை கேலி செய்கிறான். காப்பியையா, வேலையையா என்று எனக்குத் தெரியாதா சார்?

அப்புறம் முதலாளி வருவது நின்றது. ஆலைகள் நின்றுவிட்டன என்றார்கள், கரும்புக்காரர்கள் பாக்கி கேட்டு ஆலை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. முதலாளி வைத்தியத்துக்கு வெளிநாடு போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். என்ன வைத்தியம் என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய வியாதியாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு காலம் ஆகுமா?

எஞ்சினைப் பார்க்க வேண்டுமா? பார்க்கலாம் சார், அது எங்கே ஓடிவிடப் போகிறது. ஒரு விஷயம் சொல்லிவிட்டால் உங்களுக்குப் பார்ப்பது சுலபமாக இருக்கும்.

எங்கள் தொழிலில் இரவல் என்று ஒன்று உண்டு. ஒரு விமானம் ஒரு பாகத்துக்காகத் தரையில் மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாகம் கடல் தாண்டி வர வாரக்கணக்கில் ஆகும். பக்கத்தில் ஒரு விமானம் சும்மா நிற்கிறது, அதில் அதே பாகம் இருக்கிறது. அதைக் கழற்றி இதில் மாட்டுவோம். கழற்றின இடத்தில் ஒரு மஞ்சள் அட்டை கட்டுவோம்: என்ன பாகம், எந்த விமானத்துக்குப் போயிற்று, யார் கழற்றினது. புதுப் பாகம் வந்ததும் அதைக் கொண்டுவந்து இங்கே மாட்டி அட்டையை எடுத்துவிடுவோம். உலகம் முழுக்க இப்படித்தான். இதில் தப்பில்லை.

முதல் தடவை அந்தக் கதவு சுவிட்சைத்தான் கேட்டார்கள். நான் ஐஸ் வைத்துக் கண்டுபிடித்து, புதிதாக மாட்டின சுவிட்ச். கோதண்டம் ஓடிவந்தான். "அக்கா, வெளிய ஆம்புலன்ஸ் பிளேன் நிக்குது. உள்ள ஒரு குழந்தை. தீக்காயம். கதவு விளக்கு அணைய மாட்டேங்குது. பெத்த புள்ள மாதிரி திருப்பிக் கொண்டாந்து குடுத்துடறேன்கா." குழந்தை என்ற பிறகு என்ன யோசிப்பது? கழற்றிக் கொடுத்தேன். சீக்கிரமாகவே கழற்றினேன். ஒரு மாதம் கழித்துக் குழந்தை பிழைத்ததா என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்கா, நாம பிளேனைத்தானே பாக்கறோம்" என்றான்.

புது சுவிட்ச் வந்தது. சொன்னபடி வந்தது சார். பெட்டியைப் பிரித்துக் கையில் வைத்திருந்தேன். அதே நேரம் இன்னொரு விமானம். சினிமா படப்பிடிப்புக்குப் போகிறவர்கள். கோதண்டம் என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு போனான். "அடுத்தது உங்களுதுதான்கா."

அதற்கு அப்புறம் இதே வகை விமானம் வைத்திருக்கிற வெளிக் கம்பெனிக்காரர்கள் ஒன்று ஒன்றாகக் கேட்டார்கள். விமானியின் முன்கண்ணாடி போயிற்று, ஒரு கல்யாண கோஷ்டி திருப்பதிக்குப் போக வேண்டும் என்று. இப்போது இருப்பது பிளாஸ்டிக் அட்டை, உறைக்குள் இருப்பதால் தெரியாது. வானிலை பார்க்கிற ரேடார் போயிற்று. அது ஒரு கட்சிக் கூட்டத்துக்கு. பிரேக் போயிற்று. பம்பாயில் இடுப்பு ஆபரேஷன் செய்துகொள்ளப் போன நாய்க்காக ஒரு பம்ப் போயிற்று. சிரிக்காதீர்கள், நாய்க்கும் வலிக்கும்தானே. எல்லாம் அவசரம்தான் சார். அவசரம் இல்லாமல் யாரும் இங்கே வந்து கேட்டதே இல்லை.

இல்லை என்று எப்படிச் சொல்வது? என் தம்பி மகன் கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது, "ஆறே மாசம் அத்தை, வீடு பாத்துட்டுப் போயிடறோம்" என்றான். என் அறையைக் கொடுத்துவிட்டு, பல்லாவரத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் இருக்கிறேன். அவன் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நல்ல பையன். என் கட்டில் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறது. கட்டில் இருக்கிறவரை அது என் அறைதானே?

சரி, வாருங்கள். உறையைக் கழற்றுகிறேன். ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பதறாதீர்கள் சார். அது மணல் மூட்டைதான். இடது எஞ்சின் போன பிறகு எடை ஒரு பக்கம் சாயக் கூடாது அல்லவா, அதனால் மணலைக் கட்டி வைத்திருக்கிறோம். நானே சலித்த மணல். எஞ்சின் வாடகை விமானக் கம்பெனி ஒன்றுக்குப் போயிருக்கிறது. அவர்களுடைய எஞ்சின் பழுது பார்க்கப் போயிருக்கிறது, அது திரும்பி வந்ததும் இது இங்கே வந்துவிடும். வலது பக்கம் எஞ்சின் இருக்கிறது, தட்டிப் பாருங்கள். அதன் உள்ளே இருந்த சிலது மட்டும்தான் போயிருக்கிறது. அட்டைகள் தொங்குகின்றன, பாருங்கள். காற்று அடித்தால் எல்லாம் சேர்ந்து சலசலக்கும், தோரணம் மாதிரி.

காலி என்றா எழுதுகிறீர்கள்? காலி இல்லை சார். அட்டை கட்டியிருக்கிறதே. அட்டை இல்லாத இடம்தான் காலி. 'இரவல்' என்று எழுதுங்கள்.

கோர்ட் நோட்டீஸா? ஒட்டினார்கள், அதோ கதவில் இருக்கிறது. இதிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று அதில் போட்டிருந்தது. எனக்கும் சந்தேகம் வந்தது. கோதண்டத்திடமே கேட்டேன். "அக்கா, நோட்டீசு கதவுலதானே ஒட்டியிருக்கு? எஞ்சின் வெளிய இல்ல இருக்கு" என்றான். அதுவும் சரிதானே? உள்ளே இருக்கிறதைத்தான் எடுக்கக் கூடாது. கதவை ஒட்டிப் பூட்டினார்கள் என்றால் அதற்கு அதுதானே அர்த்தம்? ஆனால் பூஞ்சை துடைக்க நான் மட்டும் உள்ளே போய்வருவேன். நோட்டீஸ் கிழியாமல் ஒரு ஓரமாகத் திறப்பேன்.

கையெழுத்தா? எல்லாம் என்னுடையதுதான். கோதண்டம் போட மாட்டான். "என் எழுத்து கோழிக் கிறுக்கல்கா, உங்க எழுத்து முத்து முத்தா இருக்கு" என்பான். இந்த வகைக்கு லைசென்ஸ் வைத்திருக்கிறவள் நான்தானே, நான்தான் போட வேண்டும். கம்பெனி முத்திரையா? அது எதற்கு, இரவலுக்கு முத்திரை கிடையாது. அட்டைகளைப் போட்டோ எடுக்கிறீர்களா? எடுங்கள், நல்லது. இருங்கள், அதில் என் பெயர் எண்ணெய் பட்டு மங்கியிருக்கிறது. துடைத்துவிடுகிறேன். இப்போது எடுங்கள். அமலோற்பவம். 'ற்' தெளிவாகத் தெரிகிறதா? எத்தனை அட்டையில் என் பெயர் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விமானத்தை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று நாளைக்குக் கோர்ட்டில் யாராவது கேட்டால், பதில் சொல்லச் சிரமம் இருக்காது.

வக்கீலா? எனக்கு எதற்கு சார் வக்கீல்? விமானத்துக்குத்தானே கேஸ்.

நீங்கள் முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் ஒன்று காட்டவில்லை. அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். படியில் ஏறி உள்ளே வாருங்கள். தலை, தலை. ஜன்னல் திரையெல்லாம் மூடியிருக்கிறது, வெயில் பட்டால் தோல் வெடிக்கும். அந்த இருக்கையில் உட்காருங்கள், அது முதலாளி இருக்கை. பரவாயில்லை, உட்காருங்கள். இருட்டாக இருக்கிறதா? ஒரு நிமிஷம்.

இதோ.

பார்த்தீர்களா? மேலே, கீழே, ஒவ்வொரு இருக்கைக்கும் தனித்தனியாக. படிக்கிற விளக்கு, பாதைக்கு விளக்கு, கழிப்பறையில்கூட எரியும். அந்தக் கண்ணாடி அலமாரியில் எரிகிறது பாருங்கள், நிலா வெளிச்சம் மாதிரி. இதற்கு எவ்வளவு பாடு தெரியுமா? பாட்டரியை விட்டுவிட்டால் செத்துவிடும். மாதா மாதம் கழற்றி, சார்ஜ் ரூமுக்குத் தள்ளிக்கொண்டு போய், ஏற்றி, ஒவ்வொரு செல்லாகப் பார்த்து, திரும்பக் கொண்டுவந்து மாட்டுவேன். இது ஒன்றுதான் எங்கேயும் போகவில்லை. இதில் அட்டை இல்லை. சொந்தப் பாட்டரி, சொந்த வெளிச்சம். விளக்கு எரிகிற ஒன்றைப் பழைய இரும்பு என்று எழுத உங்களுக்கு மனசு வருமா சார்? எழுதுகிற கைதான் வருமா?

இருங்கள், யாரோ கூப்பிடுகிறார்கள்.

என்னப்பா கோதண்டம்? மேல வா. ஆமா, கோர்ட்டு சார்தான். வணக்கம் சொல்லு. என்ன, பாட்டரியா? எந்தப் பாட்டரி? இந்தப் பாட்டரியா? இல்ல கோதண்டம். இது வேணாம். சார் இப்பத்தான் பாத்துக்கிட்டிருக்காரு. நீ வேற எங்கயாச்சும் கேளு. வேற எங்கயும் இல்லையா? பாட்டரி சூடாகுதுன்னு விளக்கு வந்துடுச்சா, அவங்க பிளேனுல? அதுக்கு நான் என்ன பண்ணுவேன். ஆளுங்க ஏறி உக்காந்தா என்ன, எறங்கச் சொல்லு. யாரு, பேஷண்டா? இல்லையா? அப்ப யாரு?

யாரு?

நம்ம முதலாளியா? கரும்பு முதலாளியா? எப்ப வந்தாரு? நேத்தா. கோர்ட்டுக்கு வந்தாரா. ஒடம்பு எப்படி இருக்கு? நல்லா இருக்காரா! நல்லா இருக்காரா கோதண்டம்? நீ பாத்தியா? வாடகை பிளேனுலயா போறாரு? அம்மாவும் இருக்காங்களா? இங்க... இங்க ஒரு எட்டு வந்து பாக்கலையா அவரு? கேட்டியா நீ? அமலு இங்கதான் இருக்கான்னு சொன்னியா?

நேரமில்லையா. சரி. சரிப்பா. நேரம் இருக்காதுதான் பாவம்.

ஸ்பேனரைக் கொண்டா.

மன்னிக்க வேண்டும் சார், ஒரு பத்து நிமிஷம். நீங்கள் அங்கேயே உட்கார்ந்திருங்கள். பாட்டரி வால் பக்கம் இருக்கிறது, நான் கீழே போய்க் கழற்ற வேண்டும். முதலாளி சார், அதான். கேட்டீர்கள் அல்லவா? வைத்தியம் பலித்திருக்கிறது. எழுந்து நடமாடுகிறார். அவருடைய பாட்டரிதானே இது, அவர் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? அவர் கேட்கவில்லைதான். அவருக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், இந்த விமானம் இங்கே நின்றபடியே அவரைத் தூக்கிக்கொண்டு போகிறது. இதற்கு மேலே பறப்பது என்றால் என்ன சார்?

கோதண்டம், வண்டியைக் கிட்ட தள்ளு. கனம், பாத்துப் புடி. மொதல்ல அந்தக் கறுப்பு ஒயரு. எடுத்துட்டேன்.

சார், உள்ளே இருட்டாகிவிட்டதா? பயப்படாதீர்கள். இடது கையால் இருக்கைகளைத் தடவிக்கொண்டே வந்தால் கதவு வந்துவிடும். படியில் கைப்பிடி இருக்கிறது. உங்கள் போனில் டார்ச் இருந்தால் கொஞ்சம் இங்கே அடியுங்கள். இந்த இடுக்கில் ஒன்றும் தெரியவில்லை. அப்படித்தான். கொஞ்சம் கீழே. அட்டையைக் கொடு கோதண்டம், பேனா என்னிடம் இருக்கிறது. இன்றைக்கு என்ன தேதி சார்? சரி.

போய்விட்டான் பாருங்கள், ஓட்டமாக. பாட்டரி வந்துவிடும். எப்போது என்றா? அதை நான் எப்படிச் சொல்வது. நீங்கள் உங்கள் அறிக்கையை எழுதுங்கள். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் கேட்கவில்லை. எஞ்சின் இல்லை என்று எழுதுங்கள், கண்ணாடி இல்லை என்று எழுதுங்கள். ஆனால் நீங்கள் உள்ளே உட்கார்ந்தபோது விளக்கு எரிந்தது. நீங்கள் பார்த்தீர்கள். உங்கள் கை ரேகைகூடத் தெரிந்தது அந்த வெளிச்சத்தில். எரிந்தது என்று ஒரு வரி எழுதுங்கள் சார்.